சியர்லீடிங் போட்டி: புள்ளித்தாளைப் பிள்ளைகளிடம் கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த பள்ளி விடுமுறையின்போது எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தைச் சேர்ந்த 20 மாணவிகள் இசைக்கேற்பக் குழுவாக ஆடி, கரணம் அடித்து, ஆளை மேலே தூக்கி நிறுத்தும் சியர்லீடிங் என்ற விளையாட்டுக்கான போட்டி ஒன்றுக்காகக் கோலாலம்பூர் சென்று, நான்காம் இடத்தோடு திரும்பி வந்தார்கள். அவர்களில் ஒருத்தி என் மகள். நான்காம் படிவத்தில் படிக்கிறாள். நான்காம் இடம் கிடைத்ததற்காக முறையிட நான் இக்கடிதத்தை எழுதவில்லை. அந்த இடம் எப்படி வந்தது என்பதைப் பிள்ளைகளுக்கோ, பயிற்றுநருக்கோ, பெற்றோராகிய எங்களுக்கோ ஏற்பாட்டாளர்கள் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். மேடையில் குழுவின் பெயரை வாசித்தார்கள், இடத்தை அறிவித்தார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். புள்ளித்தாளைப் பார்க்கலாமா என்று கேட்ட பயிற்றுநரிடம், அது நடுவர்களின் பயன்பாட்டுக்கு மட்டுமே என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

திரும்பி வந்த பேருந்தில் பெற்றோர் சிலரும் இருந்தோம். தஞ்சோங் மாலிம் தாண்டுவதற்குள் பேச்சு முற்றிவிட்டது. எங்களைவிட எளிமையாக ஆடிய குழுவுக்கு இரண்டாம் இடம் போயிருக்கிறது, அவர்கள் நான்கு பேரைத்தான் மேலே தூக்கினார்கள், நம் பிள்ளைகள் ஐந்து பேரைத் தூக்கினார்கள், ஒருத்திகூட விழவில்லை, தோட்டப்புறத்திலிருந்து போன தமிழ்ப் பிள்ளைகள் என்பதால் குறைத்துவிட்டார்கள் என்று ஆளுக்கொன்றாகச் சொன்னோம். நானும் சொன்னேன். பின் இருக்கைகளில் பிள்ளைகள் உறங்காமல் அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது தாப்பாவில் தேநீர் குடிக்க இறங்கியபோதுதான் தெரிந்தது. "நாம எவ்வளவு நல்லா செஞ்சாலும் குடுக்க மாட்டாங்களாப்பா?" என்று என் மகள் கேட்டாள். அன்றைக்கு என்னிடம் அதற்குப் பதில் இல்லை.

நான் 22 ஆண்டுகளாகச் செம்பனை எண்ணெய் ஆலையில் பழக்குலைகளின் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். ஒரு பொருளைக் கண்ணால் பார்த்து, குறை கண்டு, கழிவு போடுவது என் தொழில். ஆகவே, ஆத்திரம் அடங்கிய பிறகு, மகளையும் பயிற்றுநரையும் உடன் வைத்துக்கொண்டு, போட்டியின் காணொலியை மூன்று வார இறுதிகளில் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஆல்ஸ்டார் எனப்படும் போட்டிவகைச் சியர்லீடிங்கை நடத்தும் அமெரிக்க அமைப்புகள் யாவரும் படிக்கும்படி வெளியிட்டிருக்கும் புள்ளி விதிகளைப் பயிற்றுநர் விளக்கிச் சொல்ல, மகள் அவற்றைத் தமிழில் எழுதிக்கொண்டாள். நான்காம் இடம் நியாயமாகவே வந்திருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன். ஆனால், ஒரே தாளில் எழுதிக் கொடுத்திருக்கக்கூடிய செய்தியை நாங்களாகவே மூன்று வாரம் உட்கார்ந்து தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது எந்த வகையிலும் நியாயம் அல்ல.

சியர்லீடிங் என்றதும் நம்மவர்களில் பலருக்கு நினைவுக்கு வருவது, 2008இல் தொடங்கிய ஐபிஎல் கிரிக்கெட்டின் எல்லைக்கோட்டோரம் நின்று ஆடும் பெண்கள்தாம். என் மாமியார் முதலில் சம்மதிக்காததற்கும் அதுவே காரணம். நான் சொல்லும் விளையாட்டு வேறு. 1898இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் தம் அமெரிக்கக் காற்பந்துக் குழுவுக்காகப் பார்வையாளர்களை ஒருங்கே முழங்க வைத்ததிலிருந்து இதன் வரலாற்றைச் சொல்வார்கள். அங்கிருந்து கிளைத்த ஆல்ஸ்டார் வகைக் குழுவோ எந்தப் பள்ளிக்காகவும் எந்த ஆட்டக்காரருக்காகவும் முழங்குவதில்லை. பல இடங்களிலிருந்து பிள்ளைகளைத் திரட்டி, போட்டியிடுவதற்கென்றே அமைக்கப்படுவது. இதற்கான அமெரிக்கக் கூட்டமைப்பு 2003இல் உருவானது. ஒர்லாண்டோவில் நடக்கும் ஆல்ஸ்டார் உலகப் போட்டி 2004இல் தொடங்கியது. அனைத்துலக ஒலிம்பிக் மன்றம் சியர்லீடிங்கின் அனைத்துலகச் சங்கத்துக்கு 2021இல் முழு அங்கீகாரம் அளித்துள்ளது. நம் நாட்டிலும் இடைநிலைப் பள்ளி மாணவர்களுக்கான சியர்லீடிங் போட்டிகள் 2000ஆம் ஆண்டு முதலே நடந்து வருகின்றன. எங்கள் ஊரின் மூன்று இடைநிலைப் பள்ளிகளிலிருந்து பிள்ளைகளைச் சேர்த்து எங்கள் பயிற்றுநர் உருவாக்கியிருப்பதும் ஆல்ஸ்டார் குழுதான்.

ஆல்ஸ்டார் ஆடுகளம் 54 அடிக்கு 42 அடி. 6 அடி அகலமுள்ள விரிப்புகள் ஒன்பதை அடுத்தடுத்துப் பரப்பினால் அந்த 54 அடி வரும். ஆட்டத்துக்குக் கிடைக்கும் நேரம், மிஞ்சினால் 2 நிமிடம் 30 விநாடி. இசை நிமிடத்துக்கு 144 தட்டு வேகத்தில் ஓடுமானால் மொத்தம் 360 தட்டு; அதை எட்டெட்டாகப் பிரித்தால் 45 எட்டு. பயிற்றுநர்கள் ஆட்டம் முழுவதையும் இந்த எட்டுக் கணக்கில்தான் தாளில் எழுதி வைக்கிறார்கள். ஆதி தாளத்துக்கும் எட்டு அட்சரம் என்பதால், சிறு வயதில் பரதம் கற்ற பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு சட்டென்று பிடிபட்டுவிடுகிறது. இந்த 45 எட்டுக்குள் தூக்குதல், எறிந்து பிடித்தல், கோபுரம், கரணம், குதி, நடனம் அனைத்தும் அடங்கியாக வேண்டும்.

இனிப் புள்ளிக்கு வருகிறேன். பேருந்தில் நாங்கள் பேசியதில் இருந்த பிழை இங்கேதான் இருக்கிறது. தூக்குதலானாலும் கரணமானாலும் ஒவ்வொரு பிரிவுக்கும் இரண்டு கேள்விகள் கேட்கப்படுகின்றன. செய்தது எவ்வளவு கடினமானது என்பது ஒன்று. அதை எவ்வளவு சுத்தமாகச் செய்தார்கள் என்பது மற்றொன்று. முதலாவதைக் கடினப் புள்ளி என்றும் இரண்டாவதைச் செய்நேர்த்திப் புள்ளி என்றும் நாங்கள் தமிழ்ப்படுத்திக்கொண்டோம். பரத ஆசிரியர்கள் அங்கசுத்தம் என்று ஒரு சொல்லைச் சொல்வார்கள் அல்லவா, செய்நேர்த்தி என்பது ஏறக்குறைய அதுவே. கால் நீட்ட வேண்டிய இடத்தில் முட்டி மடங்காமல் நீண்டதா, கை எந்த உயரத்தில் நிற்க வேண்டுமோ அந்த உயரத்தில் நின்றதா, எல்லோரும் ஒரே அட்சரத்தில் செய்தார்களா என்பதே அதன் உட்பொருள்.

பார்வையாளர்களின் கண்ணுக்கு முதலில் படுவது கடினம்தான். ஆனால் ஆல்ஸ்டார் விதிகளில் கடினத்துக்கு ஒரு கூரை உண்டு. குழுக்கள் முதல் நிலையிலிருந்து ஏழாம் நிலை வரை பிரிக்கப்படுகின்றன. ஒவ்வொரு நிலையிலும் என்னென்ன செய்யலாம் என்பது வரையறுக்கப்பட்டிருக்கிறது. முதல் நிலையில் ஆளை எறிந்து பிடிப்பதற்கே அனுமதி இல்லை. இரண்டாம் நிலையில், கைகளை முழுதாக நீட்டித் தலைக்கு மேலே உயர்த்தினால், நிற்கும் பெண் இரண்டு காலிலும் நிற்க வேண்டும். அந்த உயரத்தில் ஒற்றைக் காலில் நிற்பதை மூன்றாம் நிலையில்தான் பார்க்கலாம். நிலையை மீறி ஒன்றைச் செய்தால் அதற்குப் பாராட்டு இல்லை, கழிவுதான், அதாவது புள்ளிக் குறைப்புதான், கிடைக்கும். ஆகவே ஒரே நிலையில் போட்டியிடும் நல்ல குழுக்கள் எல்லாம் கடினப் புள்ளியில் கூரையைத் தொட்டுக்கொண்டோ அதற்கு மிக அருகிலோ நிற்கின்றன. அதன் பிறகு அவர்களைப் பிரித்துக் காட்டுவது செய்நேர்த்தி. அதுவும் தசமப் புள்ளிகளில். மற்ற குழுவினர் எளிமையாக ஆடினார்கள் என்று நாங்கள் நினைத்தோம். அவர்கள் ஆடியதும் எங்களுடைய அதே மூன்றாம் நிலைதான். சுத்தமாக ஆடியதால் எளிமையாகத் தெரிந்தது.

ஐந்து பேரைத் தூக்கினோம் என்ற வாதத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் அதைத்தான் இன்னமும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். மேலே நிற்கும் ஃபிளையர் ஒருத்தி, இருபுறமும் நின்று அவள் காலைத் தாங்கும் பேஸ் இருவர், பின்னால் நின்று கணுக்காலையும் பின்னர் விழும் உடலையும் காக்கும் பேக் ஸ்பாட் ஒருத்தி என நான்கு பேர் சேர்ந்தது ஒரு ஸ்டண்ட் அணி. எத்தனை அணிகள் ஒரே நேரத்தில் ஒரு தூக்கலைச் செய்கின்றன என்பது கடினப் புள்ளியில் சேரும் என்பது உண்மையே. ஆனால் அந்த எண்ணிக்கை குழுவின் அளவை வைத்துப் பார்க்கப்படுகிறது. எத்தனை பேருக்கு எத்தனை அணி என்று அட்டவணையே இருக்கிறது. இரண்டாம் இடம் பெற்ற குழுவில் இருந்தவர்கள் 16 பேர். அவர்களிடம் இருந்ததே நான்கு அணிகள்; நான்கையும் தூக்கினார்கள். எங்களிடம் 20 பேர், ஐந்தையும் தூக்கினோம். இதில் அவர்கள் குறைத்துச் செய்ததாக எதுவும் இல்லை.

உண்மையில் அந்த ஐந்தாவது அணிதான் எங்கள் ஆட்டத்தின் பலவீனம். அதில் பேக் ஸ்பாட்டாக நின்ற பெண் சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. பயிற்சியில் பத்துக்கு ஆறு முறை அந்த அணி நேரத்துக்கு ஏறும். நான்கு முறை தாமதமாகும். எண்ணிக்கைக்காக அதையும் சேர்த்துத் தூக்குவதா, அல்லது அந்த நால்வரையும் வேறொரு அசைவில் நிறுத்திவிட்டு நான்கு அணிகளைச் சுத்தமாகக் காட்டுவதா என்பது பயிற்றுநர் எடுக்க வேண்டிய முடிவு. எங்கள் பயிற்றுநர் எண்ணிக்கையைத் தேர்ந்தெடுத்தார். அதைக் குறை சொல்ல நான் முன்வரவில்லை. எந்தப் போட்டியிலும் புள்ளித்தாளே கையில் கிடைக்காத ஒருவர், ஐந்தாவது அணியால் கூடியது எவ்வளவு, குறைந்தது எவ்வளவு என்பதை எதை வைத்து எடைபோடுவார்?

செய்நேர்த்தியை நடுவர்கள் தோராயமாகப் பார்ப்பதில்லை. தூக்கலில் நான்கு இடங்களைப் பார்க்கிறார்கள். மேலே நிற்பவளின் உடல் கட்டுப்பாடு, அதாவது இறுகி நீண்ட கால், கூர்த்த பாதம், அசையாத கை. கீழே தாங்குபவர்களின் நிலைத்தன்மை, அதாவது ஊன்றிய பாதம் ஊன்றிய இடத்திலேயே இருக்கிறதா என்பது. ஏறும்போதும் இறங்கும்போதும் அசைவு வழுக்கிக்கொண்டு போவதுபோல் இருக்கிறதா, முட்டி முட்டிப் போகிறதா என்பது. கடைசியாக, எல்லா அணிகளின் நேர ஒற்றுமை. கரணத்தில் ஓடிவரும் விதம், காற்றில் உடல் இருக்கும் விதம், காலூன்றும் விதம், நேர ஒற்றுமை ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். குதியில் கையும் காலும் நிற்கும் இடத்தோடு, இறங்கும்போது இரண்டு பாதமும் சேர்ந்து இறங்குகின்றனவா என்பதும் கணக்கு.

விழுதல், தடுமாறுதல், எல்லைக்கோட்டைத் தாண்டுதல், நேரம் மீறுதல் போன்றவற்றுக்கான கழிவு தனி. அதைப் பார்ப்பதற்கென்றே தனி நடுவர் இருக்கிறார். ஒரு கழிவுகூட இல்லாமல் ஆடி முடிப்பதைக் குழுக்கள் 'ஹிட் ஜீரோ' என்று சொல்லிக் கொண்டாடும். எங்கள் பிள்ளைகள் அன்று அப்படித்தான் முடித்தார்கள் என்று நம்புகிறேன். காணொலியில் ஒருத்தியும் விழவில்லை. பெற்றோராகிய நாங்கள் விழுந்ததை மட்டுமே குறை என்று எண்ணிப் பழகியவர்கள். விழாமல் ஆடினால் கழிவு இராது. ஆனால் அதனாலேயே செய்நேர்த்தி முழுதாக வந்துவிடாது. இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளியில்தான் எங்கள் இரண்டாம் இடமும் மூன்றாம் இடமும் போய்விட்டன என்பது என் கணிப்பு.

காணொலியில் கண்டதைச் சொல்கிறேன். பதினேழாவது எட்டில் ஐந்து அணிகளும் ஒற்றைக் கால் தூக்கலுக்கு ஏறுகின்றன. மூன்றாவது தட்டில் நான்கு அணிகள் மேலே போய்விடுகின்றன. ஐந்தாவது அணி ஐந்தாவது தட்டில்தான் போய்ச் சேருகிறது. மேலே நிற்கும் ஐந்து பெண்களும் ஒரு காலைக் கையால் பிடித்துத் தூக்குகிறார்கள். இருவரின் கால் காதுக்கு அருகே இருக்கிறது, இருவருடையது தோளுக்கு நேரே, கடைசியவளுடையது இடுப்புக்குச் சற்று மேலே. தனித்தனியாகப் பார்த்தால் ஐவரும் நன்றாகத்தான் நிற்கிறார்கள். ஆனால் ஒரே படமாக நிறுத்திப் பார்த்தால் ஒழுங்கு குலைந்த வேலிபோல் இருக்கிறது. நான்கு அணிகளைத் தூக்கிய குழுவின் படத்தை அதே இடத்தில் நிறுத்தினோம். நான்கு பெண்களின் காலும் தோள் உயரத்தில்தான் இருந்தது. காதைத் தொட்ட கால் ஒன்றுகூட இல்லை. எல்லோராலும் முடிந்த உயரம் எதுவோ அதையே எல்லோருக்கும் வைத்திருந்தார்கள்.

அடுத்து என் மகளின் பாதம். அவள் பேஸ், மேலே நிற்பவளின் பாதத்தைத் தன் மார்புக்கு நேரே வாங்கி, கையை நீட்டி உயர்த்துபவள். பார்வையாளர்கள் அவளைப் பார்ப்பதே இல்லை. நானும் அன்றுவரை மேலே நின்ற பெண்ணைத்தான் பார்த்திருந்தேன். அந்த எட்டில் அவள் வலது பாதம் மூன்று முறை நகர்கிறது. பெரிய நகர்வு அல்ல, ஒவ்வொன்றும் ஒரு கைவிரல் நீளம். ஆனால் மூன்றாவது நகர்வில் மேலே இருப்பவளின் இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்து, முட்டி தளர்ந்து, மீண்டும் இறுகுகிறது. "அது ஏன் நகர்ந்தது?" என்று கேட்டேன். "தரை அசைஞ்சுச்சுப்பா" என்றாள். நாங்கள் பயிற்சி செய்வது பூப்பந்து மண்டபத்தின் சிமெண்டுத் தரைமேல் பரப்பிய ரப்பர் பாயில். போட்டியில் கிடந்ததோ அடியில் சுருள்வில் வைத்த பலகைமேல் பஞ்சு விரிப்பு. கரணம் அடிப்பவர்களுக்கு அது துணை செய்கிறது. எடையைத் தாங்கி நிற்கும் பேஸுக்கோ அது காலடியில் நெளிகிறது. அந்தத் தரையில் பழக எங்கள் குழுவுக்குக் கிடைத்தது, ஆட்டத்துக்கு முன் சூடேற்றிக்கொள்ளும் சில நிமிடங்கள் மட்டுமே. இதைச் சாக்காகச் சொல்லவில்லை; எல்லாக் குழுவுக்கும் தரை ஒன்றுதான். ஆனால் 'பேஸ்களின் பாதம் நகர்கிறது' என்று ஒரு நடுவர் அன்றே எழுதிக் கொடுத்திருந்தால், அடுத்த திங்கட்கிழமையே எங்கள் பிள்ளைகள் மெத்தைமேல் நின்று தூக்கிப் பழகத் தொடங்கியிருப்பார்கள்.

இன்னொன்று கண்ணால் பார்த்ததல்ல, காதால் கேட்டது. ஃபிளையரை மேலிருந்து இறக்கும்போது, மூவரும் கைகளைத் தொட்டில்போல் சேர்த்து அவளை ஏந்துவார்கள். உடல் கைகளில் வந்து விழும்போது ஒரு சத்தம் கேட்கும். காணொலியில் இசை சற்றுத் தாழும் ஓர் இடத்தில் இரண்டாம் இடம் பெற்ற குழு தன் நான்கு பேரையும் இறக்குகிறது. 'தப்' என்று ஒரே சத்தம். எங்கள் குழு இறக்கும் இடத்தில், தகரக் கூரையில் கொட்டைகள் உதிர்வதுபோல் ஐந்து சத்தம் தனித்தனியாகக் கேட்கிறது. அந்த இடத்தை மட்டும் மகள் நான்கு முறை ஓடவிட்டுக் கேட்டாள். பிறகு கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு, "அவங்களுக்குக் குடுத்தது சரிதான்பா" என்றாள்.

பேருந்தில் அவள் கேட்ட கேள்விக்கு அவளே பதில் கண்டுபிடித்துக்கொண்டாள். குழுவில் மற்ற 19 பேருக்கும் அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. அவர்களில் சிலர், நாங்கள் பேருந்தில் சொன்னதையே உண்மையென்று இன்றும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இருவர் இனி வருவதில்லை என்று நின்றுவிட்டார்கள். இன வேற்றுமை நம் நாட்டில் எங்குமே இல்லை என்று சொல்லும் அளவுக்கு நான் உலகம் அறியாதவன் அல்லன். என் தலைமுறை அதை வேறு இடங்களில் பார்த்திருக்கிறது. அதனாலேயே, காரணம் சொல்லாமல் ஒரு முடிவை அறிவித்தால் நம் பிள்ளைகளின் மனம் எந்தப் பக்கம் போகும் என்பதும் எனக்குத் தெரியும். நடுவர் நேர்மையாகப் புள்ளி போட்டிருந்தாலும் அந்தத் தாளைப் பூட்டி வைத்துவிட்டால், அந்த நேர்மையை யார் அறிவார்?

என் தொழிலிலிருந்து ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். எங்கள் ஆலைக்குச் சிறுதோட்டக்காரர் ஒருவரின் லோரி வந்து நிற்கிறது. எடை பார்த்ததும் பழக்குலைகள் தளத்தில் கொட்டப்படுகின்றன. மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் தரக் கையேட்டின்படி அவற்றைப் பார்க்கிறோம். பழுத்த குலை என்றால் குறைந்தது பத்துப் பழமாவது உதிர்ந்து, அந்த இடம் குழியாகத் தெரிய வேண்டும். ஒரு பழமும் உதிராமல் கருத்து இருந்தால் அது காய். காம்பு 5 சென்டிமீட்டருக்கு மேல் நீண்டிருந்தால் அது நீளக்காம்பு. காய் எத்தனை, அழுகல் எத்தனை, நீளக்காம்பு எத்தனை என்று எண்ணி, கழிவைச் சீட்டில் எழுதி, லோரி ஓட்டுநரிடம் கொடுக்கிறோம். சீட்டைப் பார்த்துச் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. அவர்களைத் தளத்துக்கு அழைத்துப்போய்க் குலையைப் புரட்டிக் காட்டியிருக்கிறேன். இரண்டு முறை நான் தவறாக எண்ணியிருந்தது தெரிந்து, கழிவைத் திருத்தியும் கொடுத்திருக்கிறேன். நீளக்காம்பு அதிகம் என்று சீட்டில் கண்டவர், மறு வாரம் அறுவடைக்காரரிடம் காம்பை ஒட்ட வெட்டச் சொல்லி அனுப்புகிறார். ஒரு லோரி பழத்துக்குக் கிடைக்கும் இந்தச் சீட்டு, ஏழு மாதம் வாரத்துக்கு மூன்று நாள், தோட்டத்துப் பேருந்து போய்விட்டால் தகப்பன் மோட்டார் சைக்கிளில் வந்து அழைத்துப் போகும் வரை காத்திருந்து பயிற்சி செய்த பிள்ளைகளுக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

போட்டி ஏற்பாட்டாளர்களிடம் நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் அல்ல. ஒவ்வொரு குழுவுக்கும் அதன் புள்ளித்தாளை, பிரிவு வாரியாக, கடினம் எவ்வளவு, செய்நேர்த்தி எவ்வளவு, கழிவு எவ்வளவு என்று பிரித்துக் காட்டி, அன்றைய தினமே பயிற்றுநரிடம் கொடுங்கள். மற்றக் குழுக்களின் தாள் எங்களுக்கு வேண்டாம், எங்களுடையது போதும். ஒவ்வொரு பிரிவுக்கும் நடுவர் ஒரு வரி எழுதினால் நல்லது. எழுத நேரமில்லை என்றால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே பேசிப் பதிவு செய்த ஒலிக்கோப்பைக் கொடுத்தாலும் போதும். கழிவு எந்த எட்டில் எதற்காகப் போடப்பட்டது என்பது குறிக்கப்பட வேண்டும். கணக்கில் பிழை இருப்பதாகப் பயிற்றுநர் கருதினால், முடிவு அறிவிக்கப்படும் முன் கேட்பதற்குக் குறிப்பிட்ட நேரம் ஒதுக்கப்பட வேண்டும். பெற்றோர் யாரும் நடுவர் மேசைக்குப் போகக் கூடாது என்ற விதியையும் அதோடு சேர்த்தே வையுங்கள், அதை நான் வரவேற்பேன். புள்ளி விதிகள் போட்டிக்குச் சில மாதங்கள் முன்னதாகவே, மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டுமின்றி முடிந்தால் தமிழிலும் சீனத்திலும் கிடைத்தால், என்னைப் போன்ற பெற்றோரும் எதற்குக் கைதட்டுகிறோம் என்று தெரிந்து தட்டுவோம்.

சிறு ஊர்க் குழுக்களை நடத்துவோரிடமும் ஒன்று கேட்கிறேன். பெற்றோரும் ஊராரும் உயரத்தைப் பார்த்துத்தான் கைதட்டுவார்கள் என்பதால், அடிப்படை உறுதிப்படும் முன்பே பிள்ளைகளை மேல் நிலைக்குத் தள்ளாதீர்கள். முட்டி தளர்ந்து நிற்கும் பெண்ணுக்குப் புள்ளி குறைவது சிறிய விஷயம். அவள் தலைக்கு மேலுள்ள உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் விழுவது சிறிய விஷயம் அல்ல. செய்நேர்த்தி என்று நடுவர் எதற்குப் புள்ளி போடுகிறாரோ, பெரும்பாலும் அதுவேதான் பிள்ளையின் கழுத்தையும் முதுகையும் காப்பாற்றுகிறது: ஊன்றிய பாதம், இறுகிய உடல், ஒரே நேரத்தில் ஏந்தும் கைகள். எங்கள் குழு அடுத்த போட்டிக்கு இரண்டாம் நிலையில் இறங்கப் போவதாகப் பயிற்றுநர் சென்ற வாரம் கூட்டிய பெற்றோர் கூட்டத்தில் சொன்னார். சிலர் முகம் சுளித்தார்கள்; கீழிறங்கிப் போவதா என்று கேட்டார்கள். நான் எழுந்து ஆதரித்துப் பேசினேன். நின்றுவிட்ட இரண்டு பிள்ளைகளின் வீட்டுக்கும் போய்க் காணொலியைக் காட்டிப் பேசுவதாகவும் ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

கடினம், செய்நேர்த்தி, கழிவு முதலிய சொற்களையும், நடுவர்கள் ஒவ்வொரு பிரிவிலும் பார்க்கும் இடங்களையும் என் மகள் தமிழில் இரண்டு பக்கப் பட்டியலாக எழுதி வைத்திருக்கிறாள். பயிற்றுநர் அதைச் சரிபார்த்துக் கொடுத்திருக்கிறார். தங்கள் நாளிதழின் மாணவர் பகுதியில் இடம் கிடைக்குமானால், அதைத் தட்டச்சு செய்து அனுப்பி வைக்கிறோம்.

நன்றி.

இங்ஙனம்,
ஒரு மாணவியின் தந்தை,
சுங்கை சிப்புட், பேராக்.